சரிபாதி மாத்திரை

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். எங்கள் போபோடி சந்து முழுக்கச் சேறு. ஸ்டெல்லாவுக்குக் கால் வீக்கம். அதனால் பிரஷர் மாத்திரையை இருபது மில்லிகிராமிலிருந்து பத்தாகக் குறைத்துவிட்டார் டாக்டரம்மா. கடையில் பத்து இல்லை. வர நான்கு நாளாம். வீட்டில் இருபது ஒரு அட்டை இருக்கிறது. வெட்டினால் ஆயிற்று.

கடைக்காரன், "காகா, தோட்னா மத்" என்றான். உடைக்கக் கூடாதாம். முப்பத்தொரு வருடம் ஃபேக்டரி டூல் ரூமில் அளந்து வெட்டியவனிடம்!

மாத்திரை நடுவில் கோடு இல்லை. கம்பெனிக்காரனின் சோம்பேறித்தனம். அலுமினியத் துண்டில் பள்ளம் அராவி, மாத்திரையை அதில் உட்கார்த்தி, பிளேடால் ஒரே அழுத்து. வெர்னியரில் அளந்தேன். இரண்டும் சமம். நான்கு பாதி தயார்.

ஜூலை 10, வியாழன்
மழை. மாத்திரை போட்ட அரை மணியில் ஸ்டெல்லாவுக்கு முகம் சிவந்து படபடப்பு. எழுந்தவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிரஷர் 96/58. மாலை 172/100. நேற்றும் இப்படித்தான். மெஷினுக்கு பேட்டரி மாற்றினேன். அதே.

"ஏங்க, வெட்டிப் போடுறதுதான் ஒத்துக்கலையோ?"

"பாதின்னா பாதிதான். கணக்குல தப்பு கிடையாது."

"கணக்கு சரிதாங்க. எனக்குத்தான் தலை சுத்துது."

பால் வாங்க மறந்தேன்.

ஜூலை 11, வெள்ளி
காலையில் கிளினிக். ரீடிங் பார்த்துவிட்டு, மாத்திரை ஒழுங்காக எடுக்கிறாரா என்று டாக்டரம்மா இந்தியில் கேட்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "பத்துதான், தினமும்" என்றேன். பொய்யில்லை. மாலைக்கு இன்னொரு மாத்திரை எழுதிவிட்டார்.

ஆட்டோவில் ஸ்டெல்லா வெளியே பார்த்தபடியே வந்தாள். நான் வெட்டுவதை அவள் அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். எதற்கு விட்டாள்?

வந்ததும் இரண்டு தம்ளர் தண்ணீர். ஒன்றில் முழு மாத்திரை, ஒன்றில் புதிதாக வெட்டிய பாதி.
11.10 - போட்டேன்.
11.35 - பாதி கரைந்து அடியில் பொடி.
5.00 - முழுசு அப்படியே. ஓரம் மட்டும் கொஞ்சம் உப்பல்.

ஆக, முழு மாத்திரை நாள் பூராவும் மருந்தைச் சிறுகச் சிறுக விடுகிறது. வெட்டினால் அந்தக் கட்டு போயிற்று. அளவு பாதிதான், ஆனால் எல்லாம் காலையிலேயே இறங்கிவிடுகிறது. மாலைக்கு மிச்சமில்லை.

இதை அட்டையில் எழுதித் தொலைக்கக் கூடாதா? பூதக்கண்ணாடி எடுத்தேன். எழுதியிருக்கிறது. எறும்பு அளவில். வெட்டவோ மெல்லவோ கூடாது.

மாலைக்கு எழுதிய புது மாத்திரையை ஸ்டெல்லாவுக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. இருப்புக் கொள்ளவில்லை.

ஜூலை 12, சனி
காலைப் பாதியையும் கொடுக்கவில்லை. 8.40க்கே கிளினிக், தனியாக. முதல் டோக்கன். இரண்டு முறை எழுந்து வாசல் வரை வந்து திரும்பினேன். உள்ளே போய், "நான்தான் வெட்டினேன்" என்றேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சீட்டில் மாலை மாத்திரையை அடித்துவிட்டு, பத்தை முழுசாகப் போடச் சொன்னார். கடையில் பத்து வந்திருந்தது; வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"டாக்டர்ட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வெட்டினேன்னு."

"தப்புன்னு சொன்னீங்களா?"

"வெட்டினேன்னு சொன்னேன்."

ஸ்டெல்லா கையை நீட்டினாள். அட்டையைக் கொடுத்தேன். ஒன்றைப் பிதுக்கி விழுங்கினாள். இத்தனை வருடமும் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான். அட்டையை நைட்டிப் பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.