தியாகி வியாகுலத்தின் மகனுக்கு

போர்ட் பிளேர்,
21 மே 1967, ஞாயிறு.

அன்பு மகன் கஸ்பாருக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கச்சி லூசியும் சுகம். நீயும் மருமகள் சிசிலியாவும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி எழுதப்போவது எல்லாம் கோபம்தான். லூசி தான் எழுதித் தருவதாகச் சொன்னாள், அவள் எழுதினால் உனக்கு வலிக்காதபடி மாற்றிவிடுவாள் என்று நானே பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், கூட்டிப் படி.

நீ அனுப்பிய பழனிசாமி செவ்வாய்க்கிழமைக் கப்பலில் வந்து சேர்ந்தார். உன் கட்சிப் பத்திரிகையில் எழுதுகிறவராம், கழுத்தில் கேமரா தொங்குகிறது. நான் பஜாரில் உட்கார்ந்து சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், நேரே வந்து என் காலைத் தொடக் குனிந்தார். கையெல்லாம் ரத்தத்தோடு நான் பதறி எழுந்தால், தியாகியோட சம்சாரம் நீங்க, இப்படி மீன் வெட்டலாமாம்மா என்று நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்கிறார். பக்கத்துக் கடை பொன்னம்மா என் முகத்தைப் பார்க்கிறாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் பையிலிருந்து உன் தேர்தல் நோட்டீசை எடுத்துக் கொடுத்தார். உன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அந்தமான் சிறைக்குள் உயிர்விட்ட தியாகி வியாகுலத்தின் மகன் என்று.

நீ எம்.எல்.ஏ. ஆகிவிட்டாய் என்று தந்தி வந்த அன்றைக்கு இதே பஜாரில் வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று பார்க்காமல் எல்லோருக்கும் அல்வா கொடுத்தவள் நான். புயலில் வள்ளம் இழந்தவர்களுக்காக இரண்டு வருஷம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நடந்தாயே, கூலி வாங்காமல் மனு எழுதிக் கொடுத்தாயே, அதற்காகத்தான் நம் கரை ஜனங்கள் உனக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த நல்ல பெயர் உனக்குப் போதவில்லையா?

மறுநாள் பழனிசாமி பெர்மிஷன் வாங்கி என்னையும் லூசியையும் பழைய ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு அறை வாசலில் என்னை நிறுத்தி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்கம்மா, முந்தானையால கண்ணைத் துடைச்சா படம் நல்லா விழும் என்றார். மகன் ஆள் அனுப்பிக் கேட்கிறானே என்று நானும் கம்பியைப் பிடித்தேன், அந்தப் பாவம் என்னுடையதுதான். அங்கே வாட்ச்மேனாக ஒரு கிழவர் இருக்கிறார், வடக்கத்திக்காரர், வெள்ளைக்காரன் காலத்தில் அதே ஜெயிலில் ஒன்பது வருஷம் கிடந்தவராம். என்னைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டு, மாஜி, ஆப்கா ஆத்மி கௌன்சி கோட்ரி மே தா என்று கேட்டார். உன் புருஷன் எந்த அறையில் இருந்தார் என்று அத்தனை மரியாதையாகக் கேட்கிறார் கஸ்பார். அவர் கணுக்காலில் விலங்குத் தழும்பு கறுப்பாகத் தெரிகிறது. எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. கம்பியை விட்டுவிட்டு, கோட்ரி நஹி பாபா, ஆஸ்பத்திரி என்றேன். அவர் கூப்பின கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். பழனிசாமிக்குக் கோபம். ஆஸ்பத்திரியும் ஜெயிலு காம்பவுண்டுக்குள்ளதானம்மா இருக்கு, உள்ளதானே செத்தாரு, இதுல பொய் எங்க வந்துச்சு என்றார். அது உன் வாய்ப்பேச்சு என்று கேட்டவுடனே தெரிந்துகொண்டேன். வார்த்தை எல்லாம் நிஜமாகவும் சொன்னது பொய்யாகவும் பேச நீ சின்ன வயதிலேயே கெட்டிக்காரன்.

நடந்தது உனக்குத் தெரியாதா? உன்னைப் படிப்புக்காகச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் கப்பல் ஏறியது வெள்ளைக்காரன் போய் நாலு வருஷம் கழித்து. லாங் ஐலண்டில் கான்ட்ராக்டர் ஒருவரிடம் உன் அப்பா மரம் ஏற்றினார். பதிமூன்று வருஷம் அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டதில்லை. நீ வக்கீல் படிப்பின் கடைசிப் பரீட்சைக்குப் பணம் கேட்டு எழுதின பிறகுதான் ஞாயிறும் வேலைக்குப் போனார். அப்படிப் போன இரண்டாவது ஞாயிறுதான் கட்டை உருண்டு இடுப்பில் ஏறியது. படகில் போட்டு இங்கே கொண்டுவந்தோம், அந்த ஜெயில் காம்பவுண்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். அந்த வலியிலும் அவனுக்குத் தந்தி அடிக்காதே, பரீட்சை முடியட்டும் என்றார். நீ வந்து சேர்ந்தபோது மாதம் ஒன்று ஆகிவிட்டது, அந்தக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எப்படி அழுதாய். அழுத நீயா அந்தக் கட்டிலுக்குக் கம்பி மாட்டினாய்? அவர் நாட்டுக்காக ஒன்றும் சாகவில்லை, உனக்காகச் செத்தார். மேடையில் சொல்ல அது உனக்குக் கேவலமாக இருக்கிறதா?

போகும்போது பழனிசாமி கப்பல் டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். ஜூன் இருபத்தைந்தாம் தேதி புது பஸ் ஸ்டாண்டுக்குத் தியாகி வியாகுலம் என்று பெயர் வைக்கிறார்களாம், மந்திரி வருகிறாராம், தியாகியின் மனைவியாக நான் மேடையில் உட்காரவேண்டுமாம். கிழித்துப் போட்டுவிடலாம் என்று லூசி சொன்னாள். நான் கிழிக்கவில்லை, வருகிறேன். மேடையில் முதலில் நீ பேசு. மரம் ஏற்றின கூலிக்காரன் மகன் நான், இத்தனை நாள் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று உன் வாயால் சொல். சொன்னால் ஜனங்கள் கல்லெறிந்தாலும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சொல்லாவிட்டால் மைக்கை என்னிடம் கொடுக்கச் சொல்வேன். எனக்குப் பேசத் தெரியாது, ஆனால் லாங் ஐலண்டில் நடந்ததைச் சொல்லத் தெரியும்.

பேரப்பிள்ளைக்கு இருமல் என்று சிசிலியா எழுதியிருந்தாளே, விட்டதா? குளிர்ந்த தண்ணீர் கொடுக்கவேண்டாம் என்று சொல். கப்பல் வரும் அன்றைக்கு மாலையோடு ஆட்களை அனுப்பாதே, நீ மட்டும் வா. அடுத்த மாதம் பதினாலாம் தேதி அப்பாவின் நினைவுப் பூசை, மறந்துவிடாதே. கோபத்தில் எழுதினாலும் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் இந்தக் கடிதத்தை மூடுகிறேன், மாதா உனக்கு நல்ல புத்தியும் தைரியமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மரம் ஏற்றின வியாகுலத்தின் மனைவி,
உன் அம்மா சூசைமேரி.