பள்ளிக்கூடத்துச் சேம்பு

1997 மே 20, செவ்வாய்

விடிய மழை, பிறகு தூறல். மகள் துஷாவின் பள்ளிக்கூடத்தில் தோட்டம் கொத்தும் நாள். உதவிக்குத் தாய்மார் வேண்டுமாம். என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். எட்டு வயதுக்கு அவ்வளவு துணிவு.

அவளுடைய ரீச்சர் லெய்லானி மிஸ் ஹவாய்க்காரி. தன் தீவுச் செடிகளை இந்தக் குளிர்நாட்டு மல்வேர்ன் மண்ணில் வைக்க ஆசை. வற்றாளைக் கிழங்கு, மஞ்சள், கரும்பு, சேம்பு. சேம்பங்கிழங்கு சீனக்கடையில் வாங்கி வகுப்பு யன்னலடியில் முளைக்க வைத்தது. குளிருக்குச் செத்துப்போகுமே என்றேன். அதற்கு முதல் தொட்டியில் எடுத்து உள்ளே வைப்போம் என்று சிரித்தா.

குனிந்து கொத்தினதில் நாரி நோ, நிமிர ஏலாது. வெங்காயம் முடிந்துவிட்டது.

மே 27, செவ்வாய்

நல்ல வெயில். சேம்பு நட்டாச்சு. மிஸ் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, தன் சனங்கள் வழிவழியாகச் சொல்லும் கதையைச் சொன்னா. ஆதித் தாய் தகப்பனுக்கு முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்ததாம். வீட்டுக்குப் பக்கத்தில் புதைத்தார்களாம். அந்த இடத்தில் முளைத்ததுதான் சேம்பு. அடுத்த பிள்ளை மனிதன். அதனால் சேம்பு எல்லாருக்கும் மூத்த அண்ணன்.

கை கழுவ என்று சொல்லி வாஷ்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வரும்போது கண் சிவந்திருந்ததை மிஸ் பார்த்திருப்பா.

எங்கள் முதல் பிள்ளை. இந்த நாட்டில் முதல் குளிர்காலம். ஆண்பிள்ளை. சத்தமில்லாமல் பிறந்தது. எனக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை. இவர் தனியக் கொண்டுபோனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மே 29, வியாழன்

பின்னேரம் சாப்பாட்டு மேசையில் துஷா: "அம்மா, நீங்க அழுதனீங்களாம். மிஸ் கேட்டவா, ஓகேயோ எண்டு."

சொல்லிவிட்டேன். "உனக்கு முதல் ஒரு அண்ணா பிறந்தவன்."

"சேம்பு மாதிரியா?"

"ஓம்."

வாயில் இருந்த சோற்றை விழுங்காமல் பார்த்தாள். "எங்க புதைச்சனீங்கள்?"

தெரியாது. என்ன தாய் நான்.

மே 31, சனி

இவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போதே கேட்டேன். "இஞ்சேருங்கோ, பிள்ளையை எங்க வைச்சனீங்கள்?"

எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. மற்றச் சப்பாத்தையும் கழற்றிச் சுவரோரம் வைத்தார்.

"பிக்கரிங் பக்கம். ஒவ்வொரு வருசமும் போறனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை. தாங்கமாட்டீர் எண்டு நினைச்சன்."

ஒரே வீடு, ஒரே கட்டில், இத்தனை வருஷம். கோபப்படப் பார்த்தேன். வரவில்லை.

யூன் 1, ஞாயிறு

காற்று. மூன்று பேரும் போனோம். மயானத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு மூலை. புல்லோடு புல்லாக ஒரு சின்னக் கல், பெயரில்லை, இலக்கம் மட்டும். இவர் தேடவே இல்லை. நேரே போய் நின்றார். நான் குந்தியிருந்து கல்லைக் கையால் துடைத்தேன். துஷா தள்ளி நின்றாள். பிறகு வந்து என் முதுகில் சாய்ந்தாள்.

திரும்பும்போது கார் ஒரு சிக்னலில் நின்றது. பின் சீற்றிலிருந்து துஷா: "அப்பா, அண்ணாக்கு இப்ப எத்தினை வயசு?"

ரோட்டைப் பார்த்தபடியே, யோசிக்காமல் சொன்னார்: "பத்து. வாற தையில பதினொண்டு."