தகரக் கூரைக்குக் கீழே தேயிலை

ஏப்ரல் 4

இன்றைய கடைக்குழுக் கூட்டம் முழுக்கத் துணிப்பையில் என்ன வாசகம் அச்சிடுவது என்பதிலேயே போனது. ‘பருவநிலை நீதி’யா, ‘பூமிக்கு நியாயம்’ என்பதா? நடுவில் மின்சாரம் போய் விசிறி நின்றதும் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். தெருக்காரர்கள் சேர்ந்து இந்தக் கடையைத் தொடங்கியது இதற்காகவா? விளைவிக்கிறவருக்கு நியாயமான விலை கிடைக்கும் பொருளை மட்டும் விற்போம் என்றுதானே. நன்றாக விற்பது தேயிலை ஒன்றுதான். பாக்கெட்டில் பச்சையாக ‘நியாய வணிகம்’ முத்திரை இருக்கிறது, அதனால்.

ஏப்ரல் 11

நாத்தனார் வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். தெருக்கோடித் தகரக் கொட்டகையில் தேயிலையைப் பாக்கெட்டில் அடைக்கிறாள். எங்கள் கடைக்கு வரும் அதே தேயிலை. இன்றுதான் முதன்முதலாக அதற்குள் காலெடுத்து வைத்தேன். ஈரக்காற்று படக்கூடாதென்று சன்னல்களை அடைத்திருக்கிறார்கள். தூள் பறக்குமென்று விசிறியும் கிடையாது. அவளைத் தூக்கியபோது முதுகுத்துணி பிழியலாம் போல நனைந்திருந்தது. பக்கத்துப் பெண் முத்திரை ஒட்டுவதை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் சூப்பர்வைசர் கத்துவாராம்.

நியாயமாம். யாருக்கு?

ஏப்ரல் 12

கடைக்குழுத் தலைவரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். யார் மனமும் நோகாமல் பேசுவார். “அந்த முத்திரை தேயிலைத் தோட்டத்துக்கு மட்டும்தாம்மா. பேக்கிங் அதுல வராது.”

வராதாம். வெயில் மட்டும் எல்லா இடத்துக்கும் வருது.

தேயிலை மொத்தத்தையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். காரணத்தை எழுதி வாசலில் பலகை வைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 15

பலகையைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். வேறு கடைகளும் அந்தத் தேயிலையை நிறுத்திவிட்டன. எனக்குக் கால் தரையில் இல்லை.

ஏப்ரல் 20

நாத்தனார் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஆர்டர் கொறஞ்சிடுச்சுன்னு மூணு பேர நிறுத்திட்டாங்க அண்ணி. எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“உனக்காகத்தானே...”

“எனக்காகன்னா எங்கிட்ட கேக்கணும்ல.”

போய்விட்டாள். நல்லது பண்றேன்னு கிளம்பி மூணு அடுப்பு அணைஞ்சதுதான் மிச்சம். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “இனிமே அவ மயங்கி விழுந்தாலும் உன்கிட்ட சொல்ல மாட்டா.”

ஏப்ரல் 23

அவள் வீட்டுக்குப் போனேன். கொட்டகைப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். “இதக் கேக்க இவ்வளவு நாளா?” என்றாள் ஒருத்தி. விடிவதற்கு முன் வேலை தொடங்கி உச்சிவெயிலுக்கு முன் விட வேண்டும். சூடு இறங்காமல் கூரைக்கு அடியில் மூங்கில் தட்டி அடிக்க வேண்டும். நிறுத்தியவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும். துணிப்பை வாசகப் பேச்சைவிடச் சுருக்கமாக முடிந்துவிட்டது.

ஏப்ரல் 25

கொட்டகை முதலாளியிடம் எல்லோரும் போனோம். சரக்கு ஏற்றும் லாரி பகலில்தான் வருமாம், நேரத்தை மாற்ற முடியாதாம். அவரும் புழுக்கம் தாங்காமல் வெளியே நின்றுதான் பேசினார். தலைவர் வரவில்லை. “நம்மது கடைம்மா, சங்கம் இல்ல.”

மே 2

முதலாளியே கடைக்கு வந்தார். பலகையை எடுத்துவிட்டால் யோசிப்பாராம். எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, “உள்ளே வேல செய்றவங்ககிட்ட பேசுங்க” என்றேன். தலைவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

மே 8

ஒன்றும் நடக்கவில்லை. வெயில் மட்டும் ஏறுகிறது.

மே 13

லாரிக்காரரிடம் பெண்களே பேசிவிட்டார்களாம். அவருக்கும் விடிகாலை என்றால் சௌகரியமாம், சாலை காலியாக இருக்கும். இதை முதலாளி ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்திருக்கலாமே. கோபத்தில் சிரிப்பு வந்தது.

மே 19

இன்னும் வெளிச்சம் வரவில்லை, கதவைத் தட்டும் சத்தம். நாத்தனார். தூங்குகிற மகளை என் தோளில் சாய்த்துவிட்டு, “வெயில் தணியற வரைக்கும் இப்படித்தான் அண்ணி, பாத்துக்கங்க” என்று ஓடினாள். தெருவில் இன்னும் சில பெண்கள் கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். வேலை நேரத்தை முதலாளி மாற்றிவிட்டார். தட்டி இன்னும் அடிக்கவில்லை. நிறுத்திய மூவரில் ஒருத்தியை இன்னும் திரும்ப எடுக்கவில்லை. பலகையை எப்போது எடுப்பது என்று மதியம் வேலை விட்டு வந்து அந்தப் பெண்களே சொல்வார்கள்.

இந்தக் குட்டி கண்ணைத் திறந்ததும் அம்மா எங்கே என்று ஒரே அழுகை. இனி தினமும் இந்த நேரத்துக்கு எழுந்தாக வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கிறது.