இரண்டிரண்டு பேராக

12 ஜூலை 1943, திங்கள்
தோட்டப் பள்ளியில் முப்பத்திரண்டு பிள்ளைகள், ஆறு சிலேட்டு. தாளே கிடையாது. ஜப்பான் பாடத்தை நான் சொல்லச் சொல்லக் கூடவே சொல்கிறார்கள்; கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அப்பன்மாரைச் சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றியதிலிருந்து இப்படித்தான். இன்று இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்தேன். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல, கேட்டவர் எழுந்து வகுப்புக்குச் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் மரவள்ளிதான். ஆனாலும் பேசினார்கள்.

14 ஜூலை
செல்லாயி மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் அப்பா அம்மாசியும் அந்த லாரியில் போனவர். நாளை அவளை இராசாத்தியோடு சேர்க்கலாம். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதியின் மகள். யாரையும் பேச வைத்துவிடுவாள்.

15 ஜூலை
ஏன் அந்தக் கேள்வியைக் கொடுத்தேன்? வீட்டில் என்ன சந்தோஷம் என்று கேட்கச் சொன்னேன். இராசாத்தி எழுந்தாள்.
"செல்லாயி அப்பா சயாம்லேருந்து ஓடியாந்துட்டாரு டீச்சர். ரப்பர் காட்டுல இருக்காராம்."
செல்லாயி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். சயாமுக்கு ஆள் அனுப்பப் பெயர் எழுதுவதே பரஞ்சோதிதான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்து வைத்தேன். யார் நம்புவார்?

அன்றே மாலை
செல்லாயியின் அம்மா பாப்பம்மாவிடம் போய்ச் சொன்னேன். மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.
"அவ மனசுல பூட்டி வச்சிருந்தா. பேச வைக்கிறேன்னு புடுங்கிட்டீங்களே டீச்சரம்மா."

17 ஜூலை
அம்மாசியைப் பிடிக்க லாரி எதுவும் வரவில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் வாசலுக்குப் போகிறேன். நான்தானே, நான்தானே கேட்கச் சொன்னேன்.

19 ஜூலை
பரஞ்சோதி பள்ளிக்கு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.
"எம்மக சொன்னா டீச்சர். அம்மாசி சயாம்ல காலரால செத்துட்டான்னு எழுதிட்டேன். அவன் சம்சாரம் அதுக்குத் தக்கன இருக்கணும். நீங்க சொல்லிடுங்க."
"யாராவது காட்டிக் கொடுத்தா?"
"நானும் லாரி ஏறவேண்டியதுதான்." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "நாப்பது பேர எழுதி அனுப்புனேன். ஒருத்தன்தான் வந்திருக்கான்."

26 ஜூலை
தண்ணீர்க் குழாயடியில் பாப்பம்மா. நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலியில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வகுப்பில் இன்னும் இரண்டிரண்டு பேராகத்தான் உட்காருகிறார்கள். எழுந்து சொல்லச் சொல்வதில்லை. இன்று செல்லாயி தானாகவே போய் இராசாத்தி எதிரில் உட்கார்ந்தாள், காதோடு என்னவோ சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.