தலைவர் வீட்டுக் குழாய்

சேசு மரி சூசை துணை

பாகூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் மூட்டுவலியோடு சுகம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது, நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், அதனால் பிரான்சுக்கு வரும் சுவேதாவிடம் வடகத்தோடு கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா ஏரிக்கரை வீட்டார் சங்கத்துக்குத் தலைவரானதிலிருந்து பல் தேய்ப்பதுகூட ஏரியைப் பார்த்துக்கொண்டுதான். கரையோரம் பாசி கட்டி நாறுகிறது, எவனோ சாக்கடைத் தண்ணீரைத் திருட்டுத்தனமாக விடுகிறான், பிடித்தே தீருவேன் என்று கிளம்பினார். வீட்டுக்கு வீடு துவைக்கிற கல்லடியில் ஒரு புட்டி சொட்டு நீலத்தை ஊற்றித் தண்ணீர் விடுவது, ஏரியில் எங்கே நீலம் வருகிறதென்று பார்ப்பது, இதுதான் திட்டம். முன்மாதிரியாக முதல் சோதனை நம் வீட்டில்தான் என்று நாற்பது பேரைக் கூட்டிவிட்டார். எனக்குத் தலைவலி, நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், கேட்டால்தானே. ஐந்து நிமிடத்தில் நம் வீட்டுக்கு நேரே காட்டாமணக்குப் புதருக்குள்ளிருந்து குபுகுபுவென்று நீலம். செயலாளர் பலராமன், இன்னா தலைவரே, திருடனத் தேடி ஊரெல்லாம் அலைய வேணாம் போல, என்றார். அப்பா உடனே நம் வீட்டுக் குழாய் வேலை செய்த கொத்தனார் ஆதிமூலத்தைக் கூட்டிவரச் சொல்லி, தண்ணிய எங்கடா வுட்ட என்று கத்தினார். அந்த மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தப்புதாங்க சார், என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கிறிஸ்டினா, தப்பு என்னுடையது. உறிஞ்சு குழி தோண்ட வேண்டிய இடத்தில் என் முருங்கை நின்றது, வெட்ட மனசு வரவில்லை, குழாயை ஏரிப் பக்கமா நீட்டிடுங்க, சாருக்குத் தெரிய வேணாம் என்று சொன்னவள் நான்தான். இந்தக் கூத்துக்குப் பிறகு கரையில் மூன்று வீட்டார் ஆதிமூலத்துக்குக் கொடுத்திருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள், என்னால் ஒருவர் பிழைப்பு போவதா. ஞாயிறு பூசை முடிந்து சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட இப்படி நடுங்கியதில்லை, அங்கே கேட்பவர் சாமியார் ஒருவர்தானே. அப்பா மினிட்ஸ் நோட்டை இழுத்து, ஏழு நாளில் குழாயை அடைக்கும்படி நம் வீட்டுக்கு நோட்டீஸ் எழுதி, தலைவர் என்று ஒரு கையெழுத்தும், பெற்றுக்கொண்டேன் என்று கீழே இன்னொரு கையெழுத்தும் அவரே போட்டார். அங்கிருந்து நேராக ஆதிமூலம் வீட்டுக்குப் போய், மன்னிச்சுக்கப்பா என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். முருங்கை போச்சு என்று நினைத்தேன், ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் குழி தோண்டச் சொல்லிவிட்டார். ஸ்கூட்டர் இப்போது கூடத்தில் டிவியை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

நேற்று ஆதிமூலம் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். பலராமனோடு சேர்த்து ஆறு வீட்டார் தனித்தனியாக வந்து, எங்க வூட்டுக்கும் ஒரு குழி போட்டுடுப்பா, தலைவருக்குத் தெரிய வேணாம், என்று கேட்டிருக்கிறார்களாம், அதுவரைக்கும் ஏரிப் பக்கக் குழாய் வாயைச் சாக்கால் அடைத்துவைத்திருக்கிறார்களாம். மூன்று மாதத்துக்கு அவருக்கு ஓயாத வேலை. அப்பாவோ மற்ற வீடுகளைச் சோதித்து, ஊரில் எல்லாரும் யோக்கியர்கள், நீ ஒருத்திதான் இப்படி, என்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை, நீயும் திறக்காதே.

வேளைக்குச் சாப்பிடு, தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
செலின் மேரி