வாசிப்பறையில் யார் கத்தியது?

ஜனவரி 6
வீட்டுக்காரர் தீயணைப்புத் துறையில் இருந்தால் கல்யாண நாள் பரிசு எப்படி இருக்கும்? என் நூலகத்துக்கு வந்து, வாசிப்பறைச் சுவரில் ஒரு வெள்ளை டப்பாவை மாட்டிவிட்டுப் போனார். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கான அலாரமாம்.
"நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வர்றதே தெரியாம ஆளைச் சாய்ச்சிடும்."
"உங்க அக்காவுக்கு நேர் எதிர். அவங்க வர்றது தெருமுனையிலேயே தெரிஞ்சிடும்."
சிரிக்கவில்லை. கடமை தவறாத ஆள்.

ஜனவரி 9
நடுங்கும் குளிர். கேஸ் ஹீட்டரைக் காலையிலேயே பற்றவைத்தேன். மாமனார் வழக்கம்போல முதல் ஆளாக வந்து ஹீட்டர் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை. யாராவது இருமினால் மட்டும் கண்ணைத் திறந்து முறைப்பார். அமைதி காக்க வேண்டுமாம்!

ஜனவரி 13
தலைவலி. மாமாவுக்கும்தான். என்னுடையதற்குக் காரணம் மூக்குக்கண்ணாடியாம், அவருடையதற்கு அரசியல்வாதிகளாம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் விட்டுவிடுகிறது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு டப்பா மாட்டுவார்.

ஜனவரி 14
இன்றும் தலைவலி.

ஜனவரி 16
ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.
உள்ளறையில் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அலாரம் வீல் என்று கத்தியது. நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை! தினமும் வரும் டீச்சரம்மா உதட்டில் விரலை வைத்து எனக்கே "உஷ்" என்றார். "சத்தம் தாங்கலன்னு உங்க மாமனார்தான் குடை நுனியால அந்தப் பட்டனை அமுக்கினார். மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு பாருங்க."
மாமா கண்ணை மூடியிருந்தார். மடியில் குடை. குறட்டை இல்லை.
"எல்லாரும் வெளிய போங்க! எழுந்திரிங்க!" அந்த அறையில் நான் கத்தியது இதுதான் முதல் தடவை. தலை சுற்றியது. டீச்சரம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மாமாவை நாற்காலியோடு வாசலுக்கு இழுத்தோம். குளிர்காற்று பட்டும் கண் திறக்கவில்லை. ஆம்புலன்சில் போனார்.
மாமா, எழுந்திருச்சிடுங்க. எவ்வளவு வேணும்னாலும் குறட்டை விடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 17
மாமாவுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். இன்னும் நினைவு வரவில்லை.
ஹீட்டருக்கு மேலே, அதன் விஷவாயு வெளியேற வைத்திருந்த காற்றுத் துவாரத்தில் இவர் கையை விட்டு இழுத்தார். பழைய செய்தித்தாள்கள் வந்தன, அழகாக மடித்து, தேதிவாரியாக அடுக்கி! குளிர்காற்று பக்கத்தைப் புரட்டுகிறது என்று வாசகர்கள் கூடிச் செய்த ஏற்பாடாம். வேறு யாருக்கு இப்படித் தோன்றும்?
"இது அப்பா மடிப்பு" என்றார். "தலைவலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"
அந்தப் பரிசைக் கிண்டல் செய்த வாய்தானே இது.

ஜனவரி 18
கண் விழித்துவிட்டார்! முதல் கேள்வி: "வாசிப்பறையில யாரு அப்படிக் கத்தினது? புகார் குடுக்கணும்."
"உங்க மருமகதான்" என்றார் இவர்.
"இவ்வளவு பெரிய குரலை இத்தனை வருஷமா வீட்ல எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த?"
சிரித்துக்கொண்டே அழுதேன்.

பிப்ரவரி 3
புது ஹீட்டர். துவாரத்துக்குக் கம்பிவலை. அலாரம் குடைக்கு எட்டாத உயரத்தில். இருந்தாலும் மாமாவின் குடையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன். முறைத்தார்.
மதியத்துக்குள் குறட்டை ஆரம்பித்துவிட்டது. புதிதாக வந்த ஒருவர் எரிச்சலோடு அவரைத் தட்டி எழுப்பப் போனார்.
நான் உதட்டில் விரலை வைத்தேன்.