தாழ்ப்பாள் இல்லாத அறை

அன்புள்ள அம்மாவுக்கு,

வின்னி எழுதுவது. நான் நலம். அப்பாவின் இருமல் குறைந்ததா? மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சி முடித்தீர்களா?

பல்கலைக்கழகத்து அக்காக்களைப் போலவே, அதைச் சேர்ந்த பள்ளியில் படிக்கும் நாங்களும் தேர்வைக் கண்காணிப்பாளர் இல்லாமல்தான் எழுதுகிறோம். முடிவில், "நான் காப்பியடிக்கவில்லை, காப்பியடித்த யாரையும் பார்க்கவில்லை" என்று கையெழுத்திட வேண்டும். பொய்யென்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நூறு வருடப் பழக்கமாம். எல்லோரும் நேர்மையானவர்கள் என்பதால் அறைகளுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

நேற்று இலத்தீன் தேர்வில் என் அறைத்தோழி ஹாரியட் கைக்குட்டைக்குள் எதையோ பார்த்துப் பார்த்து எழுதினாள். நான் கண்டும், பயத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். அதிலிருந்து அவள் தன் கேக்கையெல்லாம் எனக்கே தருகிறாள். "மாட்டினா ரெண்டு பேருந்தான்டி, சாப்பிடு" என்று சிரிக்கிறாள்.

யாராவது கதவைத் திறந்தாலே என்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று தோன்றுகிறது. கவலைப்படாதீர்கள். கம்பளிக் காலுறையும், கதவுக்கு உள்ளே போட ஒரு சின்னத் தாழ்ப்பாளும் அனுப்புங்கள்.

தூங்கிக்கொண்டிருந்த ஹாரியட் விழித்துவிட்டாள்.

"யாருக்குடி எழுதுற?"

"அம்மாவுக்கு. காலுறை கேட்டு."

"குடு, காலையில நானே தபால்ல போடுறேன்."

இதை அவளிடம் கொடுக்க மாட்டேன். இன்னொரு பொய்யும் சொல்லியாயிற்று, போதும். காலை மணி அடித்ததும், இதையெல்லாம் விசாரிக்கும் மாணவர் மன்றத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தாழ்ப்பாள் வேண்டாம், அம்மா.

அவசரத்தில்,
வின்னி